நாளைக்கும் அதே முகம்



முன்வரிசையில் காப்பகப் பணியாளர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுவில் தாய்மார்கள், ஒரு சில தகப்பன்மார்கள். பின்னால் சுவரோரம் நிற்பவர்கள் பனியன் கம்பெனிகளின் மனிதவள அதிகாரிகள் என்று சொன்னார்கள். அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். கடைசியில் அவர்களோடுதான் பேச வேண்டியிருக்கும். அதுவரை நின்றால் கால் வலிக்கும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, காப்பகத்தில் குழந்தைகளின் மன வளர்ச்சியும் சமூக வளர்ச்சியும். இந்தத் தலைப்பில் பேசக் கூப்பிட்டால் வழக்கமாக எதிர்பார்ப்பது என்னவென்று தெரியும். இன்ன பாட்டு பாடுங்கள், இன்ன விளையாட்டு வையுங்கள், சிரித்த முகமும் அழுத முகமும் வரைந்த அட்டையைச் சுவரில் ஒட்டுங்கள், வாரத்துக்கு ஒரு ஆக்டிவிட்டி. எனக்கு அவற்றின் மேல் விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் மனம் பதினொரு மணி ஆக்டிவிட்டியில் வளர்கிறது என்று நான் நம்பவில்லை. காலையில் அதை யார் கையில் வாங்குகிறார், யார் சோறு ஊட்டுகிறார், ஈரத் துணியை யார் மாற்றுகிறார், மதியம் யார் முதுகில் தட்டித் தூங்க வைக்கிறார், அந்த ஆள் நாளைக்கும் இருப்பாரா? இன்று நான் பேசப் போவது முழுக்க இதைப் பற்றித்தான்.

கொஞ்சம் தூரமாகப் போய்த் தொடங்குகிறேன். 1940 செப்டம்பரில் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் இரவுதோறும் குண்டு போட ஆரம்பித்தன. வீடு போனது, அப்பா போர்முனைக்குப் போனார், அம்மா தொழிற்சாலைக்குப் போனார். குழந்தைகளை யார் பார்ப்பது? அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஹாம்ஸ்டெட் பகுதியில் ஆனா ஃப்ராய்டும் அவர் தோழி டோரதி பர்லிங்ஹாமும் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார்கள். ஆனா, சிக்மண்ட் ஃப்ராய்டின் கடைசி மகள். நாஜிகளுக்குத் தப்பி 1938-இல் வியன்னாவிலிருந்து வந்த அகதி. அதற்கு முன் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அவருக்குத் தத்துவம் மட்டுமல்ல, மூக்கு துடைத்துவிடவும் தெரியும்.

இல்லம் முதலில் மற்ற இல்லங்களைப் போலத்தான் நடந்தது. எல்லாச் செவிலியரும் எல்லாக் குழந்தைகளையும் பார்த்தார்கள். சாப்பாடு உண்டு, சுத்தம் உண்டு, அன்பும் உண்டு. ஆனாலும் சின்னக் குழந்தைகள் பேச்சிலும் கழிப்பறைப் பழக்கத்திலும் பின்தங்கின. பிறகு குழந்தைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்தார்கள். ஒரு செவிலிக்கு நான்கைந்து பிள்ளைகள். எந்தப் பிள்ளை யாரிடம் ஏற்கெனவே ஒட்டுகிறது, யாருக்கு எந்தப் பிள்ளை மேல் பிரியம் என்று பார்த்துத்தான் பிரித்தார்கள். குளிப்பாட்டுவது, உடுத்துவது, விழுந்தால் தூக்குவது எல்லாம் இனி அவர் பொறுப்பு.

ஒரே வாரத்தில் இல்லம் தலைகீழானது. அதுவரை யார் தூக்கினாலும் போன பிள்ளைகள் இப்போது தன் செவிலி அடுத்த பிள்ளையைத் தொட்டால் அடித்தன. அவர் அறையை விட்டு வெளியே போனால் கதறின. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, நன்றாக இருந்த இடத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனா ஃப்ராய்டும் பர்லிங்ஹாமும் பின்வாங்கவில்லை. நாளாக ஆக, தன் ஆள் போனால் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை பிள்ளைகளுக்கு வந்தது, கூச்சல் தணிந்தது. நின்றுபோயிருந்த வளர்ச்சி ஓட ஆரம்பித்தது. பேச்சு வந்தது, சொன்னால் கேட்கிற குணம் வந்தது. ஒருவர் மேல் பாசம் வைத்த பிள்ளைதான் அந்த ஒருவருக்காகத் தன்னைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளும். யாருமில்லாத பிள்ளை யாருக்காக அடக்கிக்கொள்ளும்?

அந்த இல்லத்தில் இன்னொரு பழக்கம் இருந்தது. அங்கே வேலை செய்த ஒவ்வொருவரும், செய்யும் வேலை எதுவானாலும், குழந்தைகளிடம் தாம் கண்டதைச் சின்ன அட்டையில் எழுதித் தர வேண்டும். கொதிகலன் பார்க்கவும், இரவில் குண்டு விழுந்தால் தீயணைக்கவும் ஒரு இளைஞரை வைத்திருந்தார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்று பெயர். அவரும் எழுதினார். அவர் மனைவி ஜாய்ஸ் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். கரி அள்ளிப் போட்டுவிட்டு வந்து அட்டை எழுதிய அந்த மனிதர்தான் பிற்பாடு, மருத்துவமனையில் சேர்த்த குழந்தையோடு தாய் தங்கக் கூடாது என்றிருந்த விதியை இங்கிலாந்து மாற்றிக்கொள்வதற்கு முக்கியக் காரணமானார். உங்கள் காப்பகத்தில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துப் பாருங்கள். எழுத வராவிட்டால் சொல்லச் சொல்லி வேறொருவர் எழுதட்டும். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் சட்டைக்குள் மறைக்கிறது, எது எதற்காகச் சமையலறை வாசலிலேயே வந்து நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ராபர்ட்சன் தம்பதியர் 1969-இல் ஒரு படம் எடுத்தார்கள். ஜான் என்று ஒரு பையன், வயது பதினேழு மாதம். அம்மாவுக்கு இரண்டாவது பிரசவம். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. ஒன்பது நாள் ஒரு குழந்தைகள் விடுதியில் விடுகிறார்கள். படம் முழுக்க அந்த ஒன்பது நாள்தான். விடுதிப் பெண்கள் யாரும் கொடுமைக்காரர்கள் கிடையாது. சிரித்த முகம், இளம் வயது. ஆனால் அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்திருந்தது குழந்தைவாரியாக இல்லை, காரியவாரியாக. ஒருவர் ஊட்டுவார், ஒருவர் குளிப்பாட்டுவார், ஷிப்ட் முடிந்தால் இன்னொருவர். ஜான் முதலில் ஒரு செவிலியிடம் போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறான். அவர் எழுந்து போய்விடுகிறார். மறுபடி வேறொருவரிடம் முயற்சி செய்கிறான். குரல் கொடுத்துப் பழகிய மற்ற பிள்ளைகள் அவனைத் தள்ளிவிட்டு மடியைப் பிடித்துக்கொள்கின்றன. நாள் போகப் போக அழுகிறான், சாப்பிட மறுக்கிறான், பெரிய கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு தரையில் கிடக்கிறான். ஒன்பதாம் நாள் அம்மா வந்து கை நீட்டும்போது அவரிடம் போக மாட்டேன் என்கிறான்.

இதைச் சொன்னதும் நடுவரிசையில் இருக்கிற தாய்மார்களின் முகம் வாடுகிறது. பயப்படாதீர்கள். ஜான் இரவு பகலாக அங்கே கிடந்தவன். உங்கள் பிள்ளை சாயங்காலம் உங்கள் இடுப்பில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை கெட்டுப்போகும் என்று சொல்கிறவர்களுக்கு அமெரிக்காவிலேயே பதில் கிடைத்துவிட்டது. 1991-இல் பத்து ஊர்களில் பிறந்த 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அங்கே பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். காப்பகத்தில் இருப்பது மட்டுமே தாய்க்கும் பிள்ளைக்குமான பிணைப்பைக் குலைப்பதில்லை என்று 1997-இல் வெளியான முடிவு சொல்லியது. வீட்டிலும் பிள்ளையின் குறிப்பறிந்து நடக்க ஆளில்லை, காப்பகமும் மோசம் என்று இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. எனவே கேள்வி, தாய் வேலைக்குப் போகலாமா என்பதல்ல. காப்பகம் எப்படி இருக்கிறது என்பதுதான். ஜான் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வேலைப் பிரிவினையை. நம் காப்பகங்களிலும் ஊட்ட ஒருவர், கழுவ ஒருவர், கதவைப் பார்க்க ஒருவர் என்றுதானே வைத்திருக்கிறோம்?

இங்கிலாந்தில் 2008 முதல், ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் குறிப்பிட்டு ஒரு பொறுப்பாளர் இருந்தே ஆக வேண்டும் என்று விதியாகவே வைத்துவிட்டார்கள். எலினார் கோல்ட்ஷ்மீட் என்ற அம்மையார் பல காலம் வலியுறுத்திய ஏற்பாடு அது. நாம் அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இருக்கிற இரண்டு மூன்று பேருக்குள்ளேயே, இந்த ஏழு பிள்ளைகள் செல்வியக்கா பிள்ளைகள், இந்த ஏழு பிள்ளைகள் மணியம்மா பிள்ளைகள் என்று பிரித்துக்கொள்ள ஒரு பைசா செலவில்லை.

சரி, நம் வாசலுக்கு வருவோம். மணி எட்டேகால். எட்டரைக்கு ஷிப்ட். அம்மா பிள்ளையை இறக்கிவிடுகிறார். அது சேலையை விட மாட்டேன் என்கிறது. உடனே நாம், "அங்க பாரு சாமி, காக்கா!" பிள்ளை திரும்பிப் பார்க்கிறது. அதற்குள் அம்மா மாயமாகிவிடுகிறார். பிறகு கேட்டால், "அம்மா கடைக்குப் போயிருக்குது கண்ணு, சாக்லேட் வாங்கிட்டு இப்ப வந்துரும்."

தமிழ்நாட்டுக் காப்பகங்களில் மிக அதிகமாகச் சொல்லப்படும் பொய் இதுவாகத்தான் இருக்கும். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் பிள்ளை அதிலிருந்து என்ன தெரிந்துகொள்கிறது? கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போவாள். அதனால்தான் வீட்டில் அம்மா குளிக்கப் போனாலும் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறது. தாய்மார்கள் அதைக் "காப்பகத்துக்குப் போனதிலிருந்து பிடிவாதம் கூடிப்போச்சு" என்கிறார்கள். கூடவே, காக்கா காட்டியவரையும் பிள்ளை நம்பாது. அவர்தான் மீதி நாள் முழுக்க அதற்குத் துணை.

சொல்லிக்கொண்டு போங்கள். அழட்டும். முகத்தைப் பார்த்து, இரண்டே வாக்கியம்: "அம்மா வேலைக்குப் போறேன். நீ தூங்கி எழுந்து, சுண்டல் சாப்பிட்டதும் அம்மா வந்துருவேன்." சாயங்காலம் ஐந்து மணி என்பது இரண்டு வயசுக்குப் புரியாது, சுண்டலுக்குப் பிறகு என்பது புரியும். சொன்ன பிறகு நின்று நின்று திரும்பிப் பார்க்காதீர்கள், மூன்று தடவை வந்து கொஞ்சாதீர்கள். கையில் வாங்குகிறவர் அந்தப் பிள்ளையின் ஆளாகவே இருக்க வேண்டும். அவர் சொல்ல வேண்டியது "அழாதே" என்பதில்லை. "அம்மா வேணும்னு இருக்குது, இல்ல? எனக்குத் தெரியுது. வா, என் மடியில உக்காரு." அழுகிற பிள்ளைக்கு நாம் தருவதற்கு அந்த நிமிடத்தில் வேறு ஒன்றும் இல்லை, மடியைத் தவிர.

புதிதாகச் சேரும் பிள்ளைக்கு ஜெர்மனியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். 1980-களில் பெர்லினில் உருவானது. முதல் மூன்று நாள் தாயோ தகப்பனோ பிள்ளையோடு காப்பக அறையிலேயே ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருப்பார்கள். பிரிவு என்ற பேச்சே கிடையாது. பிள்ளை விளையாடும், பயம் வந்தால் ஓடிவந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். பொறுப்பாளர் மெல்ல நெருங்கி, தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊட்டுவது, துணி மாற்றுவது என்று தொடங்குவார். நான்காம் நாள், சொல்லிக்கொண்டு, அதிகபட்சம் அரை மணி நேரம் தாய் வெளியே போவார். அழுத பிள்ளையைப் பொறுப்பாளரால் தேற்ற முடிந்ததா என்று பார்ப்பார்கள். முடிந்தால் சீக்கிரம் முழு நாள். முடியாவிட்டால் இன்னும் ஒரு வாரம், இரண்டு வாரம்.

அங்கே லீசலோட்டே ஆனர்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் பிள்ளைகளின் பதட்டத்தை உமிழ்நீரை வைத்தே அளந்தார்கள். பதட்டத்தில் சுரக்கும் கார்டிசால், தாய் உடனிருந்த நாட்களில் அவரோடு நல்ல பிணைப்புள்ள பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தது. பிரிந்திருக்கத் தொடங்கிய நாட்களில் எல்லாருக்குமே ஏறியது. ஐந்து மாதம் கழித்தும் வீட்டில் இருந்த அளவுக்கு முழுதாக இறங்கவில்லை. முதல் நாளே பையோடு இறக்கிவிட்டுப் போகும் நம் வழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. தையல் மெஷினில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிற பெண்ணுக்கு யார் மூன்று நாள் லீவு கொடுப்பார்கள்? நியாயமான கேள்வி. ஜெர்மன்காரர் போலச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அம்மாயி இருந்தால் அம்மாயி வந்து உட்காரட்டும். அப்பா இரவு ஷிப்ட் என்றால் அப்பா உட்காரட்டும். யாருமே இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காப்பகத்தைத் திறந்து வைத்து, புதுப் பிள்ளைகளோடு குடும்பத்தை வரச் சொல்லி டீ கொடுங்கள். அந்த இடத்தையும் அந்த முகத்தையும் அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஒரு தடவையாவது பிள்ளை பார்த்திருக்க வேண்டும்.

பையில் அம்மா கட்டித் துவைக்காத பழைய சேலைத் துணி ஒரு முழம் வையுங்கள். வின்னிகாட் என்ற குழந்தை மருத்துவர் 1953-இல் இதைப் பற்றி ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். நம் பாட்டிகள் கட்டுரை எழுதாமலேயே அம்மா சேலையில் தூளி கட்டினார்கள். "அழுக்குத் துணியை ஏன் கொண்டு வர்றீங்க" என்று பணியாளர்கள் பிடுங்கி வைக்காதீர்கள். அந்த வாசனைக்காகத்தான் அது.

இன்னொன்று. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று வைத்தார்கள். தாய் நாளைக்கு நான்கு முறை வந்து பிள்ளையைப் பார்க்கலாம். பல இடங்களில் இந்த நான்கு முறைக்கு எதிர்ப்பு சூப்பர்வைசரிடமிருந்து வருவதைவிடக் காப்பகத்துக்கு உள்ளிருந்தே அதிகம் வருகிறது. "நீங்க வந்துட்டுப் போனா மறுபடி அழுகுதுங்க, வராம இருந்தா நல்லா இருக்குது." வராமல் இருந்தால் அழுவதில்லை என்பது உண்மைதான். ஜானும் நெடுநேரம் சத்தமில்லாமல் தரையில் கிடந்தான். வந்து போன தாய்க்காக அழுவது ஆரோக்கியமான அழுகை. அதற்குப் பயந்து தாயை வாசலில் நிறுத்தாதீர்கள்.

பொதுவாக நாம் கவலைப்பட வேண்டியது அழுகிற பிள்ளையைப் பற்றி அல்ல. மூலையில், யாரையும் தொந்தரவு செய்யாமல், கொடுத்ததைத் தின்று, யார் தூக்கினாலும் போகிற பிள்ளை ஒன்று எல்லாக் காப்பகத்திலும் இருக்கும். "ரொம்ப சமத்து" என்பார்கள். அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள். கீழே விழுந்தால் யாரைத் தேடி ஓடுகிறது என்று கவனியுங்கள். யாரையும் தேடவில்லையென்றால் அது இன்னும் இங்கே வந்து சேரவில்லை.

இப்போது சோறும் துணியும். புடாபெஸ்ட் நகரில் லோட்ஸி தெருவில் 1946-இல் எம்மி பிக்ளர் என்ற மருத்துவர் ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஒரு இல்லம் தொடங்கி நடத்தினார். அங்கே துணி மாற்றுவதை ஒரு சந்திப்பாகவே வைத்திருந்தார்கள். தூக்குமுன் கை நீட்டி, தூக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, பிள்ளை உடம்பால் பதில் சொல்லும்வரை ஒரு நொடி பொறுப்பார்கள். பின்னாலிருந்து வந்து சாமானைத் தூக்குவதுபோல் தூக்குவதில்லை. பேசிக்கொண்டே மாற்றுவார்கள்: "இப்ப இந்தக் கால், ஈரம் போச்சா, இப்ப அந்தக் கால்." பேச்சு வராத பிள்ளைதான். ஆனாலும் தன்னிடம் ஒருவர் கேட்டுச் செய்கிறார் என்பது அதற்குத் தெரிகிறது.

ஒவ்வொரு பிள்ளையிடமும் இதற்கு ஐந்து நிமிடம் போதும். நாளில் நான்கு தடவை துணி மாற்றினால் இருபது நிமிடம் அந்தப் பிள்ளைக்கு முழுசாக ஒரு ஆள். ஆக்டிவிட்டி நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் இது கிடைப்பதில்லை. நாமோ துணி மாற்றுவதை ஆயா வேலை, பாட்டு சொல்லித் தருவதை டீச்சர் வேலை என்று தரம் பிரித்து, முக்கியமானதைக் குறைந்த சம்பளக்காரரிடம் கொடுத்திருக்கிறோம். எட்டுப் பிள்ளைகளை வரிசையாகச் சுவரோடு உட்கார வைத்து ஒரே தட்டில் பிசைந்து, ஒரே கரண்டியால் ஒவ்வொரு வாயாகத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். சுகாதாரம் ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளை "போதும்" என்று முகம் திருப்பினால் கேட்கிற ஆள் அங்கே இல்லை. தன் வயிறு நிறைந்ததைச் சொல்லியும் ஒருவரும் கேட்காத பிள்ளைக்குத் தன் கோபத்தையும் பயத்தையும் சொல்லத் தோன்றுமா?

கடிக்கிற பிள்ளை பற்றிக் கேள்விச் சீட்டு நிறைய வந்திருக்கிறது. ஒன்றரை வயது முதல் இரண்டரை வரை இது சகஜம். வாயில் பல் வந்துவிட்டது, சொல் வரவில்லை. பொம்மை பறிபோகிறது, கூட்டம் நெருக்குகிறது, பசி, தூக்கம், கடித்துவிடுகிறது. சில இடங்களில் வைத்தியம், "நீயும் கடிடா, அப்பத்தான் அவனுக்கு வலி தெரியும்" என்பது. வலியைத் தெரிந்துகொள்வதற்குப் பதிலாக, பெரியவர்களும் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள் என்று அது தெரிந்துகொள்ளும். முதலில் கடிபட்ட பிள்ளையைத் தூக்குங்கள். கழுவுங்கள். கடித்த பிள்ளையைப் பக்கத்திலேயே நிறுத்தி, அதன் உயரத்துக்குக் குனிந்து, கடுமையாக, ஆனால் கத்தாமல்: "கடிக்க விடமாட்டேன். அவனுக்கு வலிக்குது பாரு." அவ்வளவுதான். பிரசங்கம் வேண்டாம். பிறகு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், என்ன பொம்மை. ஒரு வாரம் எழுதினால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். சாப்பாட்டுக்கு முந்திய அரை மணி, அல்லது ஒரே ஒரு கார் பொம்மை. இரண்டாவது கார் வாங்குவதுதான் சில நேரம் மனநல சிகிச்சை. கடித்தது யார் பிள்ளை என்று அடுத்த தாயிடம் சொல்லாதீர்கள். பஸ் ஸ்டாப்பில் சண்டை வரும்.

இரண்டு வயதுப் பிள்ளையைப் பகிர்ந்து விளையாடச் சொல்வதும் வீண். அந்த வயதில் அவை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தனித்தனியாக, ஒன்றை ஒன்று ஓரக்கண்ணால் பார்த்து விளையாடும். அதுவே அந்த வயதுக்கு நட்பு. "சாரி சொல்லு" என்று கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினால் சாரி வரும், வருத்தம் வராது. அடிபட்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்கள்; அது தானாகவே சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துவிடுவதையும் பார்க்கலாம். அதற்கு இரக்கம் இல்லாமல் இல்லை. எப்படிக் காட்டுவது என்று கை பிடித்துக் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில், ஆனா ஃப்ராய்டு எழுதிவைத்த இன்னொரு அனுபவத்துக்குப் போகிறேன். 1945-இல், யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்த தெரேசின் முகாமிலிருந்து ஆறு குழந்தைகள் இங்கிலாந்துக்கு வந்தன. மூன்று பையன்கள், மூன்று பெண்கள், மூன்று நான்கு வயது. பெற்றோர் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். கைக்குழந்தையிலிருந்து ஒன்றாகவே முகாமில் வளர்ந்தவை. பெரியவர்களைக் கடித்தன, துப்பின. ஆனால் தங்களுக்குள் ஒன்றுக்குக் கிடைக்காமல் மற்றது சாப்பிடாது. நடக்கும்போது ஒன்று பின்தங்கினால் மற்றவை நிற்கும். பொறாமை என்பது ஏறக்குறைய இல்லை. இதைப் படித்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பெரியவர்களே தேவையில்லை என்று யாரும் முடிவுக்கு வரக் கூடாது. அந்த ஆறு பேரும் கொடுத்த விலை பெரிது. நான் எடுத்துக்கொள்வது இதுதான்: ஒரே கூட்டமாக நெடுநாள் இருந்த பிள்ளைகள் ஒன்றையொன்று தாங்கும். ஆகவே வயது ஏறியது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை குரூப்பைக் கலைத்துக் கலைத்து அடுக்காதீர்கள்.

பூச்சாண்டி, போலீஸ், ஊசி டாக்டர். "ஷேம் ஷேம்." "ஆம்பளப் பையன் அழலாமா?" இவற்றை ஒரே பலகையில் எழுதி, இங்கே பேசக் கூடாதவை என்று மாட்டிவைத்தால் பாதி மனவளர்ச்சித் திட்டம் முடிந்தது. ஜட்டியில் சிறுநீர் கழித்த இரண்டு வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்திப் பதினைந்து பிள்ளைகளைக் கைதட்டி ஷேம் ஷேம் பாடச் சொல்வது நம் ஊரில் வேடிக்கையாகக் கருதப்படுகிறது. எனக்கு அதில் வேடிக்கை ஏதும் தெரியவில்லை.

இங்கே திருப்பூருக்கு முக்கியமான ஒரு விஷயம். உங்கள் காப்பகத்தில் ஒடிசா பிள்ளை இருக்கிறது, பீகார் பிள்ளை இருக்கிறது. வீட்டில் ஒரு மொழி, இங்கே வேறு மொழி. அது அழும்போது என்ன கேட்கிறது என்றே நமக்குத் தெரிவதில்லை. நாம் தேற்றுவது அதற்கும் புரிவதில்லை. சேரும் அன்றைக்கே தாயிடம் கேட்டு எழுதி வையுங்கள்: தண்ணீருக்கு என்ன சொல்லும், சிறுநீருக்கு என்ன சொல்லும், வலிக்கிறது, தூக்கம் வருகிறது, வீட்டில் கொஞ்சும் பெயர் என்ன, எந்தப் பாட்டுக்குத் தூங்கும். அந்தத் தாலாட்டை அம்மா செல்போனில் பதிந்து தரட்டும். பாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தன் வீட்டுச் சொல் ஒன்றை வேற்று முகம் சொல்லும்போது அந்தப் பிள்ளை எப்படி நிமிர்ந்து பார்க்கிறது என்று நீங்களே பாருங்கள். பிள்ளைக்குத் தமிழ் தானாக வரும்.

சிசிடிவி பற்றி ஒரே வார்த்தை. இருக்கட்டும், கிள்ளுவதை அது காட்டிக்கொடுக்கும். கவனிக்காமல் இருப்பதை அது காட்டாது.

இனி நாற்காலி போட்டு உட்கார வைத்தவர்களிடம்.

1969-இல், ஜான் படம் வந்த அதே ஆண்டு, டில்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டட வேலை நடந்தது. சித்தாள் பெண்களின் கைக்குழந்தைகள் ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரம் போட்டார். மொபைல் கிரெச் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. மூன்று ஆண்டு கழித்து மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு அரசுக்குக் கொடுத்த அறிக்கை, 1975-இல் அங்கன்வாடிகள் தொடங்குவதற்கு வழிவகுத்தவற்றில் ஒன்று. 'வாஸவேச்வரம்' நாவலை எழுதிய கிருத்திகாவின் மகள் மீனா. நம்மில் பலருக்கு அம்மாவைத் தெரிந்த அளவு மகளைத் தெரியாது. ஆக, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது தனி உழைப்பு, அதற்கு ஆளும் இடமும் பணமும் வேண்டும் என்பது இந்த நாட்டுக்கு அரை நூற்றாண்டாகத் தெரியும்.

தெரிந்து என்ன செய்தோம்? 2017-இன் தேசியக் காப்பகத் திட்டத்தில் 25 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் என்று வைத்தார்கள். அன்று பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 கொடுத்தார்கள். அதற்குப் பெயர் மதிப்பூதியம். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் என்று விதி. அந்த எண்ணை நாளைக்கே இங்கே கொண்டுவர முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் 25 பேரை இரண்டு பேரிடம் விட்டுவிட்டு, குழந்தையின் குறிப்பறிந்து நடங்கள் என்று பயிற்சி வகுப்பு நடத்துவது ஏமாற்று. நானும் அந்த வகுப்புகளில் ஒன்றில்தான் இப்போது நின்று பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

தனியார் காப்பகங்களிலும் கதை பெரிதாக மாறவில்லை. தையல் ஹெல்பருக்குக் கிடைக்கிற கூலியைவிடக் குறைவாகக் கொடுத்தால், பழகிய பெண் தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். குற்றம் அவர் மேல் இல்லை. ஆனால் அவர் மடியில் தூங்கப் பழகிய ஏழு பிள்ளைகளுக்கு அன்று ஒரு ஆள் இல்லாமல் போகிறது. புது ஆள் வருவார்; ஆறு மாதத்தில் அவரும் போவார். மூன்றாவது ஆளிடம் பிள்ளை ஒட்ட முயற்சி செய்வதை நிறுத்திவிடும்.

ஆகவே கம்பெனிக்காரர்களே, சுவரில் கார்ட்டூன் வரைய ஒதுக்கிய பணத்தைக் காப்பகப் பெண்களின் சம்பளத்தில் போடுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கொடுங்கள். மூன்று வருடம் தொடர்ந்து ஒரே காப்பகத்தில் இருப்பவருக்குத் தனி ஊக்கத்தொகை வையுங்கள். தாய்மார்களே, தகப்பன்மார்களே, காப்பகம் பார்க்கப் போகும்போது ஏ.சி. இருக்கிறதா, ஏபிசிடி சொல்லித் தருகிறார்களா என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார்? அவர் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறார்? அவருக்கு என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிப்பார்கள். கேளுங்கள்.